வால்யூமைக் கூட்டாதீர்கள், ஸ்பீக்கரை நகர்த்துங்கள்!

புது ஸ்பீக்கர் ஜோடி வீட்டுக்கு வந்தாயிற்று. விலை லட்ச ரூபாய்க்கு மேல். கடையில் கேட்டபோது பாடகி எதிரே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. அதே ஸ்பீக்கர் நம் வீட்டு ஹாலுக்கு வந்ததும் என்ன ஆயிற்று? பாட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கொள்கிறது. மிருதங்கம் ஒரே உருட்டல். பாட்டில் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் இரண்டு வார்த்தை விழவில்லை.

அதற்குப் பிறகு நடக்கிற பேச்சு பல வீடுகளில் ஒன்றுதான்.

“என்னங்க, கொஞ்சம் குறைங்களேன். குழந்தை இப்பதான் கண் அசந்தான்.”

“குறைச்சா வார்த்தையே புரியலையேம்மா!”

“கூட்டினா மட்டும் புரியுதா? சத்தம்தான் வருது.”

அந்த இல்லத்தரசி சலிப்பில் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். ஸ்பீக்கர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது தரும் ஒலியில் பெரும் பங்கை நாம் வசிக்கும் அறையே தீர்மானிக்கிறது. சுவர், தரை, ஜன்னல், திரைச்சீலை, சோபா எல்லாம் சேர்ந்துதான் பாடுகின்றன. இவையெல்லாம் யார் நிர்வாகம்? உங்கள் நிர்வாகம்தானே! ஆகவே, “இது ஆம்பளைங்க சமாசாரம்” என்று ஒதுங்க வேண்டாம். ஒரு இஞ்ச் டேப், ஒரு கைக் கண்ணாடி, வீட்டில் இருக்கிற ஜமக்காளம், இரண்டு மணி நேரப் பொறுமை. இவை போதும். ஒலி தெளிந்துவிட்டால் வால்யூம் தானே இறங்கிவிடும். அதனால் வருகிற பெரிய லாபம், வீட்டிலுள்ள குழந்தைகளின் காதுக்கு.

திண்டுகள் சொன்ன பாடம்

1895-ஆம் வருஷம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்று புதிதாகக் கட்டிய கட்டிடம். அதன் சொற்பொழிவு மண்டபத்தில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்கு ஏறக்குறைய ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் பேசுகிறவர் அடுத்த பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லி முடித்திருப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப் போகும்.

இதைச் சரி செய்யும் பொறுப்பு வாலஸ் ஸேபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியருக்கு வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்திலிருந்த ஸாண்டர்ஸ் அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவு நேரத்தில் தூக்கி வந்து, இந்த மண்டபத்தில் பரப்பினார். ஒரு ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்க எத்தனை நேரமாகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். திண்டு கூடக்கூட எதிரொலி குறைந்தது. விடிவதற்குள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் கொண்டு போய் வைத்துவிடுவார். இப்படிக் கிடைத்த கணக்கை வைத்துத்தான் பாஸ்டன் நகரத்தின் சிம்பனி ஹாலுக்கு அவர் யோசனை சொன்னார். 1900-இல் திறந்த அந்த மண்டபத்தை உலகத்தின் மிகச் சிறந்த இசை மண்டபங்களில் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள்.

நம் வீட்டு ஹாலைப் பாருங்கள். கீழே வழவழ டைல்ஸ் அல்லது மார்பிள். நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர். கண்ணாடி ஜன்னல், கண்ணாடிக் கதவு போட்ட ஷோ கேஸ். மேலே வெறும் காங்கிரீட். ஒலிக்கு ஒதுங்க இடமே இல்லை. பந்து மாதிரி அடித்து அடித்துத் திரும்புகிறது.

ஒரு சோதனை செய்யலாம். ஹாலின் நடுவில் நின்று கையை ஒரே ஒரு தடவை பலமாகத் தட்டுங்கள். ‘டப்’ என்று அடங்கினால் நல்ல அறை. ‘டஞ்ங்...’ என்று வால் நீண்டால் அறைக்கு ‘மெத்தை வைத்தியம்’ தேவை. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் கெட்டியான ஜமக்காளமோ கார்ப்பெட்டோ விரியுங்கள். ஜன்னலுக்கு மெல்லிய நைலான் திரைக்குப் பதில், கனமான துணியில் நிறையக் கொசுவம் வைத்த திரை போடுங்கள். புத்தகம் நிறைந்த அலமாரி ஒன்று ஹாலில் இருந்தால் மிகவும் நல்லது. புத்தகங்கள் ஒரே மட்டமாக இல்லாமல் முன்னும் பின்னுமாக இருப்பதால் ஒலியைச் சிதறடிக்கும்.

அதற்காக அறை முழுவதும் மெத்தை போட்டு அடைத்துவிடாதீர்கள். எதிரொலியே இல்லாத அறையில் பாட்டு உயிரில்லாமல் போய்விடும். உப்பு மாதிரிதான் இதுவும், அளவோடு இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் ஏன் இரண்டு?

“ஒண்ணு போதாதா, எதுக்கு ரெண்டு?” என்று பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்வி. 1931-இல் லண்டனில் ஆலன் ப்ளூம்லைன் என்ற இளம் எஞ்சினீயர் மனைவியோடு சினிமாவுக்குப் போயிருந்தார். திரையில் நடிகர் ஒரு ஓரத்தில் நிற்கிறார். குரலோ வேறு இடத்திலிருந்து வருகிறது. ‘இதைச் சரி செய்ய எனக்கு ஒரு வழி தெரியும்’ என்று மனைவியிடம் சொன்னாராம். அதே வருஷம் டிசம்பரில் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டார்! பாவம், 1942-இல் போர்க்காலத்தில், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து 38 வயதிலேயே காலமானார். ஸ்டீரியோ இசைத் தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்ததெல்லாம் 1958-ஆம் ஆண்டுவாக்கில்தான். அவர் அதைப் பார்க்கவில்லை.

இதன் சூட்சுமம் இதுதான். இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே ஒலி ஒரே நேரத்தில், ஒரே அளவில் நம்மை அடைந்தால், அது நடுவிலிருந்து வருவதாக மூளை நினைத்துக் கொள்கிறது. பாடகி நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று மேடையே கண்முன் வருவது இந்த மாயத்தால்தான். ஒரு ஸ்பீக்கர் டி.வி. பக்கத்திலும், இன்னொன்று ஷோ கேஸ் தலையிலும் இருந்தால் மாயம் கலைந்துவிடும். ஒலி ஒரு அடி தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி ஆகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தைக்கூடக் காது கண்டுபிடித்து, கிட்டத்திலிருக்கும் ஸ்பீக்கர் பக்கமாகப் பாட்டை இழுத்துவிடும்.

இனி வேலையை ஆரம்பிப்போமா?

1. முதலில் ஒயரைப் பாருங்கள்

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இணைப்புகள் இருக்கும். ஆம்ப்ளிஃபையரிலும் அப்படியே. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. இரண்டு ஸ்பீக்கரிலும் இப்படியே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாறிப் போனால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். எத்தனையோ வீடுகளில் “ஸ்பீக்கர் சரியில்லை” என்ற புகாருக்கு இந்த ஒரு ஒயர்தான் காரணம்.

கண்டுபிடிப்பது சுலபம். 1950, 60-களின் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவை பெரும்பாலும் ஒற்றை ஒலிப்பதிவு. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேளுங்கள். குரல் நடுவில் கனமாக நின்றால் ஒயர் சரி. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவி, பாட்டும் சோகையாக இருந்தால், மறுபடி அணைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒயரின் செப்பு இழை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது.

2. முக்கோணக் கோலம்

மூன்று புள்ளி வைத்துக் கோலம் போடுவதாக நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு புள்ளி ஸ்பீக்கர்கள். மூன்றாவது நீங்கள் உட்காரும் இடம். மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 7 அடி என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கும் 7 அடி அல்லது சற்றே கூட. தையல் பெட்டியிலுள்ள இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். ‘கண்ணளவு போதும்’ என்று விடக்கூடாத இடம் இது. இடது பக்க தூரமும் வலது பக்க தூரமும் அரை அங்குலத்துக்குள் ஒத்துப் போவது நல்லது.

3. சுவரை விட்டு விலகி...

சுவரோரமாக நின்று “ஒன்று, இரண்டு, மூன்று” என்று உரக்க எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே மெள்ள மெள்ள அறைக்குள் நடந்து வாருங்கள். சுவரருகே குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி கனத்து ஒலிக்கும். விலக விலகத் தெளியும். ஸ்பீக்கரின் கதையும் இதேதான். சுவரை ஒட்டி வைத்தால் கனத்த ஒலி ஏறும். மூலையில் வைத்தால் இன்னும் ஏறும்.

ஆகவே பின்சுவரிலிருந்து 2 அடி தள்ளி ஆரம்பியுங்கள். மிருதங்கம் தெளிவாகக் கேட்கிற ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டு, ஒருவர் உட்கார்ந்து கேட்க, ஒருவர் ஸ்பீக்கரை இரண்டு இரண்டு அங்குலமாக நகர்த்துங்கள். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கம், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எழுந்து அடங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ‘கும்ம்ம்’ என்று உருண்டால் இன்னும் முன்னே நகர்த்துங்கள். தொப்பியே மெலிந்து, வலந்தலையின் ‘டிங் டிங்’ மட்டும் கேட்டால் சற்றுப் பின்னே தள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் மிருதங்கம் ‘வந்துவிட்டது’ என்று உங்களுக்கே தெரியும். அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வீடு பெருக்கும்போது நகர்ந்தாலும் திரும்ப வைக்கலாம் அல்லவா?

இன்னொன்று. ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரமும், பக்கச் சுவருக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டாம். ஒன்று 2 அடி என்றால் மற்றது 3 அடி இருக்கட்டும். இரண்டும் சமமானால் ஒரே ஸ்வரம் இரட்டிப்பாக உப்பும்.

உங்கள் சோபாவும் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு அடி முன்னே இழுங்கள். அறையின் நீளம் 12 அடி என்றால், சுமார் 47 ஹெர்ட்ஸ் என்ற ஆழமான ஒலி அந்த நீளத்தில் சிக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஊசலாடும். சுவரருகே உட்கார்ந்தால் அது மிதமிஞ்சிக் கேட்கும். சரி நடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய காணாமலே போகும். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உட்காருவது பல அறைகளில் ஒத்து வருகிறது.

4. காது உயரம், முக தரிசனம்

ஸ்பீக்கரில் கீச்சு ஒலி தருகிற சின்ன வட்டம், ‘ட்வீட்டர்’ என்பார்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். கீச்சு ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டில் போகும். சின்ன ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் வயலின் உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும்! அசையாத ஸ்டாண்டு தேவை.

பிறகு இரண்டையும் உள்பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள். முதலில் உங்கள் தோள்களுக்கு வெளியே பார்க்கிற மாதிரி. குரல் நடுவில் சரியாக நிற்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் உள்ளே. ‘ஸ்’, ‘ச்’ எழுத்துக்கள் காதில் குத்தினால் கொஞ்சம் வெளியே. விரற்கடை அளவு திருப்பினாலே வித்தியாசம் தெரியும். இரண்டும் ஒரே கோணத்தில் இருப்பது முக்கியம்.

5. கைக் கண்ணாடி வைத்தியம்

இது குழந்தைகளுக்கும் பிடித்த விளையாட்டு. நீங்கள் சோபாவில் உட்காருங்கள். பெரிய பெண்ணையோ பையனையோ ஒரு கைக் கண்ணாடியைப் பக்கச் சுவரில் உங்கள் கண் உயரத்துக்கு வைத்து நகர்த்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் எதிரொலி முதலில் உங்கள் காதுக்கு வருகிறது. அங்கே கனமான திரையோ, துணிச் சித்திரமோ, புத்தக அலமாரியோ வந்தால் போதும். எல்லாச் சுவரையும் மூட வேண்டியதில்லை. காசும் மிச்சம், பலனும் அதிகம்.

6. திருடனைப் பிடியுங்கள்

கனத்த ஒலி வரும்போது ‘கிர்ர்...’ என்று எங்கோ ஒன்று அதிருகிறதா? உடனே ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஷோ கேஸ் கண்ணாடி, தட்டு ஸ்டாண்டிலிருக்கும் எவர்சில்வர் தட்டு, சுவரில் மாட்டிய படம், ஜன்னல் கொக்கி என்று பல திருடர்கள் உண்டு. அதே பாட்டை ஓட விட்டு ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சத்தம் நின்றால் அதுதான் ஆள்! அடியில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி வைத்தால் தீர்ந்தது.

பெரியவர்களுக்கு வார்த்தை புரிய...

“சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியலை” என்று உங்கள் மாமியார் சொன்னால் அது குறை சொல்வதற்காக அல்ல. வயதாக ஆக முதலில் மங்குவது கீச்சு ஒலிகளைக் கேட்கும் சக்தி. பேச்சில் உயிரெழுத்துக்கள்தான் பலமாக ஒலிக்கின்றன. ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெலிதானவை. அவற்றை அடையாளம் காட்டும் நுட்பங்கள் மேல் ஸ்தாயியில் இருக்கின்றன. அதனால் ‘காசு’, ‘காது’, ‘காடு’ மூன்றும் ஒன்றாகவே படுகின்றன.

இப்போது வால்யூமைக் கூட்டினால், ஏற்கெனவே பலமாயிருக்கும் கனத்த ஒலியும் எதிரொலியும்தான் இன்னும் ஏறி, மெய்யெழுத்துக்களை மூடிவிடும். மேலே சொன்னபடி சுவரை விட்டு நகர்த்தி, ட்வீட்டரைக் காது நேராக்கி, எதிரொலியைக் குறைத்துப் பாருங்கள். கனத்த ஒலியைக் கூட்டும் ‘பேஸ்’ திருகையும் சற்றுக் குறையுங்கள். வால்யூமைக் கூட்டாமலே வார்த்தை துலங்கும். “இப்ப நல்லாத் தெளிவாயிருக்கு” என்று அவரே சொல்வார். அப்படியும் புரியாவிட்டால், தயங்காமல் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அழைத்துப் போய்க் காதைப் பரிசோதித்து விடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு மட்டும்

நம் உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய ரோம அணுக்கள் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது கிடைத்ததுதான், பிறகு புதிதாக முளைப்பதில்லை. பல் விழுந்தால் குழந்தைக்கு வேறு பல் வரும், இது வராது. மிதமிஞ்சிய சத்தம் இவற்றைத்தான் கொல்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் தரும் அளவு இது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெல்லுக்குள். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். ஸ்பீக்கரிலிருந்து நேராக வருகிற ஒலி, தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபெல் ஏறுகிறது. நீங்கள் 8 அடி தள்ளி சோபாவில் சௌகரியமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். நடை பழகும் குழந்தை ஓடிப் போய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, ஒரு அடி தூரத்தில் முகத்தை வைத்து நிற்கிறது. 8 அடி, 4 அடி, 2 அடி, 1 அடி என்று மூன்று தடவை பாதி. அதாவது நேர் ஒலியில் 18 டெசிபெல் கூடுதல்! உங்களுக்கு இதமான பாட்டு, குழந்தையின் காதுக்கு இடி. கைக்குழந்தையோ “அம்மா, காது வலிக்குது” என்று சொல்லவும் முடியாது, எழுந்து தள்ளிப் போகவும் முடியாது.

ஆகவே சில விஷயங்களை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

தொட்டிலையும் தூளியையும் ஸ்பீக்கருக்கு எதிரே கட்டாதீர்கள். முடிந்தால் வேறு அறை.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரோடு பேச, குரலை உயர்த்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். உடனே குறையுங்கள்.

பாட்டு நின்ற பிறகு காதில் ‘ங்ஙீ...’ என்று ரீங்காரம் கேட்டால், அது காது தரும் எச்சரிக்கை.

குழந்தை சத்தம் வரும் பக்கம் திரும்பாவிட்டாலோ, பேச்சு வரத் தாமதமானாலோ, எப்போதும் டி.வி.யை ஒட்டியே நின்றாலோ, ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த குழந்தைக்கே செவிப் பரிசோதனை செய்யும் வசதி இப்போது உண்டு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உயரமான ஸ்பீக்கர்கள் மிகவும் கனமானவை. பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கும் குழந்தை அதைச் சாய்த்துக் கொண்டுவிடும். அகலமான பீடம் இருக்கட்டும். ஸ்டாண்டில் வைத்த சின்ன ஸ்பீக்கரை ஸ்டாண்டோடு இறுக்கிப் பொருத்துங்கள். சாய்ந்து விழாதபடி சுவரோடு ஒரு பட்டையால் கட்டி வைப்பது இன்னும் நல்லது. ஒயரைத் தரையில் குறுக்கே விடாமல் சுவரோரமாகக் கொண்டு போங்கள். முன்பக்கத்துத் துணி மூடியைக் கழற்றாதீர்கள். ட்வீட்டரின் மெல்லிய குமிழைக் குழந்தை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், செலவு உங்கள் தலையில்!

சில சந்தேகங்கள்

ஸ்பீக்கரை மூலையில்தான் வைக்கணும் என்று கடைக்காரர் சொன்னாரே?

ஸ்பீக்கரின் ஜாதியைப் பொறுத்தது. அமெரிக்காவில் பால் க்ளிப்ஷ் 1946-இல் கொண்டு வந்த ‘க்ளிப்ஷார்ன்’ மூலைக்கென்றே செய்தது. மூலைச் சுவர்களையே தன் குழலின் பகுதியாக அது உபயோகிக்கும். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1957-இல் விற்பனைக்கு விட்ட ‘க்வாட்’ ஸ்பீக்கரோ முன்பக்கம் போலப் பின்பக்கமும் ஒலி தரும். அதைச் சுவரோடு ஒட்டினால் கெட்டது. உங்கள் ஸ்பீக்கரோடு வந்த புத்தகத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர்களுக்குச் சுவரை விட்டு விலக்குவதே பெரும்பாலும் நல்லது.

எங்கள் ஃபிளாட்டில் இரண்டடி விலக்க இடமில்லையே?

பின்பக்கம் துளையுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பல கம்பெனிகள் அதை அடைக்க ஸ்பாஞ்ச் உருளை தருகின்றன. அதைச் செருகினால் கனத்த ஒலி குறையும். ‘பேஸ்’ திருகையும் குறைக்கலாம். அலமாரித் தட்டில்தான் வைத்தாக வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு வரும்படி முன்னே இழுங்கள். பாட்டுக் கேட்கும் நேரம் மட்டும் சாக்பீஸ் கோட்டுக்கு நகர்த்தி, பிறகு சுவரோரம் தள்ளி வைப்பதும் உண்டு.

மைக் வைத்துத் தானே சரி செய்துகொள்ளும் ஆம்ப்ளிஃபையர் வாங்கியிருக்கிறோம். இத்தனை பாடு எதற்கு?

அது நல்ல உதவிதான். ஆனாலும் ஸ்பீக்கரை நல்ல இடத்தில் வைத்த பிறகு அந்த வேலையை அதனிடம் கொடுங்கள். அறையின் எதிரொலியை அதனால் ஜமக்காளம் போலக் குடிக்க முடியாது. அளக்கும் நேரத்தில் மிக்ஸி, மின்விசிறி எல்லாம் நிற்கட்டும்.

தனியாக ‘சப்வூஃபர்’ பெட்டி இருக்கிறது. எங்கே வைப்பது?

வேடிக்கையான வழி ஒன்று உண்டு. அந்தப் பெட்டியை நீங்கள் உட்காரும் சோபா இடத்தில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு குழந்தை மாதிரி தரையோடு தவழ்ந்து, சுவரோரமாக ஒவ்வொரு இடமாகக் கேளுங்கள். எங்கே கனத்த ஒலி சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்!

எப்படிச் சுத்தம் செய்வது?

பெட்டியை மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஈரத்துணி வேண்டாம். கூம்பையும் ட்வீட்டரையும் தொடவே வேண்டாம். ஸ்பீக்கர் தலையில் பூ ஜாடி, தண்ணீர்ச் செம்பு, விளக்கு எதுவும் வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பட்டியல்

முதல் அரை மணி: கை தட்டிப் பாருங்கள், ஜமக்காளம் விரித்து, திரையை மாற்றுங்கள்.

அடுத்த அரை மணி: ஒயர் சோதனை, இஞ்ச் டேப் அளவு, காது உயரம்.

அடுத்த ஒரு மணி: மிருதங்கம் கேட்டுக்கொண்டே இரண்டிரண்டு அங்குலமாக நகர்த்துங்கள், பிறகு திருப்பம், கைக் கண்ணாடி.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் நல்லதாயிற்று என்று தெரியாமல் போகும். ஒப்பிடும்போது வால்யூம் ஒரே அளவில் இருக்கட்டும். சற்றே கூடுதலான சத்தம் எப்போதும் ‘நன்றாக இருக்கிறது’ என்று காதை ஏமாற்றிவிடும்.

எல்லாம் முடிந்ததும், வழக்கமாக வைக்கும் வால்யூமிலிருந்து ஒரு படி குறைத்துவிட்டுக் கேளுங்கள். தம்புராவின் சுருதி அறுபடாமல் பின்னால் ஓடுகிறதா? பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறதா? கேட்டால் உங்கள் வேலை பலித்தது. அந்தத் திருகு இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொட்டு ஒட்டி வையுங்கள். ‘இந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது’ என்பது வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாக வீட்டுக்காரருக்கும், சட்டமாக இருக்கட்டும்!